‘எல்லாருக்கும் தெரிந்த’ தேற்றத்துக்கு ரெஃபரன்ஸ் எங்கே கிடைக்கும்?

கேள்வி சுருக்கமாக இது. முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் ஒருவர் தம் கட்டுரையில் மூன்று உண்மைகளைப் பயன்படுத்துகிறார். ஒரு வளையம் (கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்பு) பல வளையங்களின் டைரக்ட் லிமிட்டாக, அதாவது கட்டம் கட்டமாக ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வளையங்களின் எல்லையாக, வருகிறது என்று வையுங்கள். அதன் மேல் ஃபைனைட் பிரசென்டேஷன் உள்ள, அதாவது முடிவுள்ள எண்ணிக்கையில் ஜெனரேட்டர்களும் ரிலேஷன்களும் கொண்ட, எந்த மாடுலும் (வளையத்தின் உறுப்புகளால் பெருக்கக்கூடிய அமைப்பு) ஏதோ ஒரு கட்டத்து வளையத்தின் மாடுலிலிருந்தே வந்தது என்பது முதல் உண்மை. அப்படிப்பட்ட இரண்டு மாடுல்களுக்கு இடையிலான மேப்பும் ஒரு கட்டத்தில் கிடைத்துவிடும் என்பது இரண்டாவது. மாடுல் ஃபிளாட்டாக (அதோடு டென்சர் பெருக்கம் செய்தாலும் இன்ஜெக்டிவ் மேப்புகள் அப்படியே இருக்கும்படி) இருந்தால், போதிய தூரம் போனபின் அந்தக் கட்டத்து மாடுலும் ஃபிளாட்டாகிவிடும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது, வளையத்தின் மேல் ஓர் அல்ஜிப்ரா, அந்த அல்ஜிப்ராவின் மேல் ஒரு மாடுல் என்ற பொதுநிலையில் இவருக்கு வேண்டும். வழிகாட்டி ‘இதெல்லாம் ஸ்டாண்டர்ட்’ என்று சொல்லிவிட்டார். கேட்ட இன்னும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். இரண்டு வாரம் தேடியும் பாடநூல்களில் எளிய சிறப்பு நிலைகள்தான் அகப்பட்டன. எங்கே தேடுவது, கிடைக்கவே இல்லை என்றால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் உங்கள் மூன்றுக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கணிதவியலர் குரோதெண்டீக் தியூதொன்னேயோடு சேர்ந்து எழுதிய ‘எலெமான் த ஜெயோமெத்ரி அல்ஜெப்ரிக்’ தொகுதிகளில் நான்காம் அத்தியாயம், 1966-இல் வெளியான மூன்றாம் பகுதி. அதன் 8-ஆம் பிரிவு முழுக்க லிமிட்டுகளைப் பற்றியது. உங்கள் முதல் இரண்டு உண்மைகளும் அங்கே ஸ்கீம்களின் (வளையங்களிலிருந்து கட்டும் வடிவியல் பொருள்களின்) பொதுநிலையில் இருக்கின்றன. ஃபிளாட் பற்றிய மூன்றாவது அதே பகுதியின் 11-ஆம் பிரிவில் வருகிறது. பிரெஞ்சு சிரமம் என்றால் ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட் என்ற இணைய நூலில் இவை ஆங்கிலத்தில் முழு நிறுவலோடு உள்ளன. இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

சரி, இதை நீங்களே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம். அடுத்த முறை வேறொரு தேற்றத்துக்கு இதே நிலை கட்டாயம் வரும்.

நான் பல வருடப் பழக்கத்தில் கற்றது ஒன்று. ஒரு முடிவைத் தேடும்போது, அந்த முடிவு யாருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். பாடநூல் எழுதுபவருக்குத் தேவைப்படுவது பாடத்துக்கு வேண்டிய அளவு மட்டுமே. அதனால் அவர் சிறப்பு நிலையை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். உங்கள் ஃபிளாட் கேள்வியே நல்ல உதாரணம். அல்ஜிப்ரா எதுவும் இடையில் இல்லாமல் மாடுல் நேரே வளையத்தின் மேல் இருந்தால், ஃபைனைட் பிரசென்டேஷனும் ஃபிளாட்டும் சேர்ந்தால் அது ப்ரொஜெக்டிவ். ப்ரொஜெக்டிவ் மாடுலை ஒரு ஐடெம்போடென்ட் மேட்ரிக்ஸால் குறிக்கலாம். அந்த மேட்ரிக்ஸின் உறுப்புகள் ஒரு கட்டத்திலிருந்து வருகின்றன. அதன் வர்க்கம் அதற்கே சமம் என்பதும் இன்னும் சற்றுத் தள்ளி ஒரு கட்டத்தில் உண்மையாகிவிடும். மூன்று வரியில் முடிந்தது. பாடநூலில் நீங்கள் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். பொதுநிலை இதைப் போல மலிவானது இல்லை, அதற்கு உண்மையான உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு யாருக்குத் தேவைப்பட்டிருக்கும்? நோதேரியன் (ஒவ்வொரு ஐடியலுக்கும் முடிவுள்ள எண்ணிக்கையில் ஜெனரேட்டர்கள் போதும்) என்ற எடுகோளை எல்லா இடத்திலிருந்தும் நீக்க நினைத்தவருக்கு. பொதுவான வளையம் எதுவும் முழு எண்களின் மேல் ஃபைனைட் டைப் உள்ள வளையங்களின் லிமிட், அவை நோதேரியன். கேள்வியை அங்கே இறக்கிவிட்டால் பழைய தேற்றங்கள் வேலை செய்யும். இந்தத் திட்டத்தோடு எழுதியவர்கள் யார் என்று கேட்டால் பதில் நேராக அந்தத் தொகுதிக்குப் போய் நிற்கும்.

இன்னொன்று பாருங்கள். குரோதெண்டீக் கேட்டகரிகளில் (மாடுல்களின் கேட்டகரியைப் போல நடந்துகொள்ளும் ஒரு வகைக் கேட்டகரிகளில்) போதிய இன்ஜெக்டிவ்கள் உண்டு என்பதற்கு மூல ரெஃபரன்ஸ் வேண்டுமானால் எங்கே போவது? ஷீஃப்களுக்கு ஒரு கோஹோமாலஜி வேண்டும், அதை மாடுல்களுக்குச் செய்த அதே முறையில் கட்ட வேண்டும் என்று விரும்பியவருக்குத்தான் அது தேவைப்பட்டது. அப்படித்தான் 1957-இல் ஜப்பானின் தோஹோகு கணித இதழில் வந்த குரோதெண்டீக்கின் கட்டுரைக்குப் போய்ச் சேர்வோம். ‘ஹோமாலஜிக்கல் அல்ஜிப்ராவின் சில விஷயங்கள்’ என்ற அளவில்தான் அதன் தலைப்பு. அந்தத் தலைப்பை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் ஊகிக்க முடியாது. சொற்களை வைத்துத் தேடினால் தப்பிப்போகும் இடங்கள் இவை.

பெயரை நம்பிப் போவதும் ஆபத்து. குலங்களின் செயலில் சுற்றுகளை எண்ணும் ‘பர்ன்சைட் துணைத்தேற்றம்’ பர்ன்சைடுக்கு உரியதில்லை. 1845-இல் கோஷியிடமும் 1887-இல் ஃப்ரோபேனியஸிடமும் அது இருக்கிறது. பர்ன்சைடே 1897 புத்தகத்தில் ஃப்ரோபேனியஸ் பெயரைச் சொல்லியிருக்கிறார். பீட்டர் நியூமன் 1979-இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். சோர்ன் துணைத்தேற்றத்துக்கு 1935-ஐச் சொல்வோம், குராடோவ்ஸ்கியிடம் 1922-லேயே அதன் ஒரு வடிவம் உண்டு. யோனேடா துணைத்தேற்றம் இன்னும் விசித்திரம்: பாரிஸின் காரே து நோர் ரயில் நிலையத்தில் யோனேடாவோடு நடந்த உரையாடலில் மெக்லேன் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார், பிறகு அந்தப் பெயரை நிலைநிறுத்தினார் என்பது கேட்டகரி தியரிக்காரர்கள் அறிந்த கதை. ஷானுவல் துணைத்தேற்றம் 1958-இல் சிகாகோவில் கப்லான்ஸ்கி நடத்திய வகுப்பில் பிறந்தது. ஆகவே ‘இன்னார் துணைத்தேற்றம்’ என்று இருந்தால் அந்த இன்னாரின் கட்டுரைகளை எல்லாம் புரட்டி நாளைக் கழிக்காதீர்கள். அங்கே அது இல்லாமலே போகலாம்.

அடுத்து சொல் மாற்றம். பழைய கட்டுரைகளைத் தேடுபவர்களுக்கு என் அனுபவத்தில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். 1960-இல் ‘ப்ரீஸ்கீம்’ என்றது இன்று ஸ்கீம். அன்று ‘ஸ்கீம்’ என்றது இன்றைய செப்பரேட்டட் ஸ்கீம். 1971-இல் முதல் தொகுதியின் புதிய பதிப்பு வந்தபோதுதான் சொல் இன்றைய பொருளுக்கு மாறியது. அதாவது பழைய பக்கத்தில் ‘ஸ்கீம்’ என்று படித்துவிட்டு இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டால், தேற்றம் சொல்லாததைச் சொன்னதாக மேற்கோள் காட்டிவிடுவீர்கள். மோனாட் என்று இன்று சொல்வது முன்பு ‘ட்ரிப்பிள்’. பழைய ரஷ்ய டோபாலஜியில் ‘பைகாம்பாக்ட்’ என்றால் நம் காம்பாக்ட். பூர்பாக்கி என்ற பிரெஞ்சுக் கணிதக் குழுவின் நூல்களில் காம்பாக்ட் என்றாலே ஹவுஸ்டார்ஃபும் அதில் அடக்கம். அது இல்லாததற்குக் குவாசி-காம்பாக்ட் என்பார்கள். பிரெஞ்சில் புலத்துக்கான ‘கோர்’ என்ற சொல் பல நூல்களில் பரிமாற்றுப் பண்பு இல்லாததையும் குறிக்கும். தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் உங்கள் கூற்றை மூன்று நான்கு மொழிநடைகளில் எழுதிப் பாருங்கள். மாடுல்களில் ஒரு முறை, ஸ்கீம்களில் ஒரு முறை, கேட்டகரிகளின் லிமிட்டாக ஒரு முறை. உங்கள் முதல் இரண்டு உண்மைகளும் சேர்ந்தால் ‘ஃபைனைட் பிரசென்டேஷன் உள்ள மாடுல்களின் கேட்டகரி, கட்டங்களின் கேட்டகரிகளுடைய கோலிமிட்’ என்ற ஒற்றை வாக்கியம் ஆகிறது. அந்த வாக்கியத்தை வைத்துத் தேடினால் வேறு கதவுகள் திறக்கும்.

அப்புறம் கருவிகள். மேத்சைநெட், ஸெட்பிமேத் என்ற இரண்டு கணிதக் கட்டுரைத் தரவுத்தளங்கள்தான் அடிப்படை. 1940-இல் தொடங்கிய மேத்தமேட்டிக்கல் ரிவ்யூஸின் இணைய வடிவம் மேத்சைநெட். அதற்கு நிறுவனச் சந்தா வேண்டும். 1931-இல் தொடங்கிய ஸென்ட்ரால்பிளாட்டின் தொடர்ச்சியான ஸெட்பிமேத் 2021 முதல் எல்லாருக்கும் இலவசம். 1868-இலிருந்து வந்த பழைய ஜெர்மன் யார்புக்கின் விமர்சனங்களும் அதில் சேர்ந்துவிட்டன. பலரும் இவற்றில் தலைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். இவற்றின் பலம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, விமர்சனம். கட்டுரையின் சுருக்கத்தில் ஆசிரியர் சொல்லாததை விமர்சகர் சொல்லியிருப்பார்: ‘மூன்றாம் பிரிவில் உள்ள இந்தத் துணைத்தேற்றம் தன்னளவிலேயே பயன்படும்’, ‘இது முன்பே இன்னாருக்குத் தெரியும்’ என்பது போல. இரண்டாவது, முன்னோக்கிய மேற்கோள்கள். உங்களுக்குத் தெரிந்த சிறப்பு நிலை எந்தக் கட்டுரையில் இருக்கிறதோ அதைத் திறந்து, அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைப் பாருங்கள். சிறப்பு நிலையைப் பொதுமைப்படுத்தியவர் அதைக் குறிப்பிடாமல் இருக்கமாட்டார். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் பாட வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு சுருக்கலாம். கூகுள் ஸ்காலரிலும் இதையே செய்யலாம். ப்ரீபிரின்ட்களையும் (இதழில் அச்சாகும் முன் வெளியிடும் வரைவுகளையும்) அது காட்டும், ஆனால் வடிகட்டுவது கடினம்.

கட்டுரையின் உடலுக்குள்ளேயே தேட வேண்டிய நேரம் வரும். ‘முன்னேற்பாடுகள்’ என்ற இரண்டாம் பிரிவில்தான் நமக்கு வேண்டியது படுத்திருக்கும், விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆர்கைவ் என்ற ப்ரீபிரின்ட் தளத்தில் 1990-களிலிருந்து வந்தவற்றுக்கு முழு வாசகமும் கிடைக்கும். பிரெஞ்சு இதழ்களும் கருத்தரங்குத் தொகுப்புகளும் நும்தாம் என்ற தளத்தில் இலவசமாக இருக்கின்றன. பூர்பாக்கி கருத்தரங்கும், நான் மேலே சொன்ன 1966 பகுதியும், 1962-இல் வந்த காப்ரியேலின் அபீலியன் கேட்டகரி ஆய்வேடும் அங்கே உண்டு. ரஷ்ய இதழ்களுக்கு மேத்நெட் ரூ. ரஷ்யக் கட்டுரைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு பல நேரம் வேறு இதழ்ப் பெயரில், வேறு பக்க எண்ணில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஸ்டாக்ஸ் ப்ராஜெக்டை உங்கள் துறையில் முதலில் திறக்க வேண்டிய இடம் என்றே சொல்வேன். 7,000 பக்கங்களுக்கு மேல் வளர்ந்துவிட்டது, பெரும்பாலான கூற்றுகளுக்கு நிறுவல் உண்டு. முடிவிலிக் கேட்டகரிகளுக்கு ஜேக்கப் லூரியின் கெரோடான் இதே பாணியில் இருக்கிறது. என்லேப் என்ற விக்கித் தளம் நிறுவலுக்கான இடம் இல்லை என்றாலும் ஒரு கருத்துக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத் தருவதில் அதற்கு நிகர் எதுவும் எனக்குத் தெரியாது. பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களே பாதி வேலையை முடித்துவிடும். உங்கள் பிரச்சினையில் எண்ணக்கூடிய ஏதாவது இருந்தால், முதல் ஏழெட்டு எண்களைக் கணக்கிட்டு ஓஇஐஎஸ்ஸில் போடுங்கள். ஸ்லோன் தொடங்கிய அந்த எண்தொடர்க் களஞ்சியத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் உள்ளன. வேறொரு துறையில் உங்கள் பொருளுக்கு என்ன பெயர் என்று அது சொல்லிவிடும். எந்தச் சொல்லும் தெரியாமலே தேட முடிகிற ஒரே வழி இது.

மொழி மாதிரிகளான செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்கலாமா என்றால், கேளுங்கள், ஆனால் பெயர்களையும் சொற்களையும் பெறுவதற்காகக் கேளுங்கள். ‘இந்தக் கூற்றை வேறு துறையில் எப்படி அழைப்பார்கள்’ என்ற கேள்விக்கு நல்ல பதில் வருவதுண்டு. தேற்ற எண்ணோடு அவை தரும் ரெஃபரன்ஸைப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் தொடக்கூடாது. இல்லாத கட்டுரையை இருப்பதாகவும், இருக்கும் கட்டுரையில் இல்லாத தேற்றத்தை அதே உறுதியோடும் அவை சொல்லிவிடும்.

ஆளிடம் கேட்பது எல்லாக் கருவியையும் விட வேகமானது, கேட்கும் விதம் சரியாக இருந்தால். ‘லிமிட்டுகளைப் பற்றி ஏதாவது ரெஃபரன்ஸ் உண்டா’ என்று கேட்டால் ‘ஸ்டாண்டர்ட்’ என்றுதான் பதில் வரும். கூற்றை எடுகோள்களோடு முழுமையாக எழுதுங்கள், எந்தச் சிறப்பு நிலை எங்கே கிடைத்தது என்று சொல்லுங்கள், எதற்காக வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். அந்தக் கடைசி வரியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எதற்கு என்று தெரிந்தால்தான் எதிரில் இருப்பவர் ‘அட, இதற்கு இவ்வளவு பொதுநிலையே வேண்டாமே’ என்று சொல்ல முடியும். எனக்கே ஒரு முறை அப்படி நடந்தது. ஒரு மாதமாகத் தேடிய தேற்றத்தின் எளிய பாதியே என் வேலைக்குப் போதும் என்று ஒரு மூத்தவர் ஐந்து நிமிடத்தில் காட்டினார். ‘ஸ்டாண்டர்ட்’ என்று சொன்ன உங்கள் வழிகாட்டியிடமும் தயங்காமல் திரும்பப் போங்கள். நீங்கள் இதை எங்கே முதலில் படித்தீர்கள் என்று கேளுங்கள். எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை மறந்திருக்கும். எங்கே படித்தோம் என்பது நினைவில் இருக்கும்.

கிடைத்தபின் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். நிறுவலைப் படியுங்கள். ஏன் என்று ஒரு நிஜ நிகழ்வைச் சொல்கிறேன். 1961-இல் ரூஸ் என்ற கணிதவியலர் ஒரு முடிவை வெளியிட்டார்: பெருக்கங்கள் எக்ஸாக்டாக இருக்கும் அபீலியன் கேட்டகரியில், மிட்டாக்-லெஃப்லர் நிபந்தனை உள்ள தொடர்களுக்கு இன்வர்ஸ் லிமிட்டின் முதல் டிரைவ்ட் ஃபங்க்டர் பூஜ்யம். வழக்கமான மாடுல்களில் நாம் எல்லாரும் பயன்படுத்துவதன் பொதுநிலை அது. இயல்பாகத் தோன்றும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நாற்பது வருடம் கழித்து, 2002-இல் அம்னோன் நீமன் ‘இன்வென்சியோனே’ இதழில் எதிர்க்காட்டைக் கொடுத்தார். 1961-இன் தேற்றம் சொன்ன வடிவில் தவறு. 2006-இல் ரூஸே திரும்பி வந்து, கேட்டகரிக்கு ஜெனரேட்டர் உண்டு என்ற எடுகோளைச் சேர்த்தால் முடிவு சரி என்று நிறுவினார். நடைமுறையில் நாம் சந்திக்கும் கேட்டகரிகளில் ஜெனரேட்டர் இருக்கும். ஆகவே அதைப் பயன்படுத்திய கட்டுரைகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஆனால் இன்று மேற்கோள் காட்டுபவர் 2006-ஐக் காட்ட வேண்டும், எடுகோளைச் சரிபார்க்கவும் வேண்டும். பழைய கட்டுரையின் பெயரை இன்னொருவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியவருக்கு இது தெரியவே தெரியாது.

சங்கிலி மேற்கோள்களிலும் இதே சிக்கல். ஒரு தொகுப்புக் கட்டுரை ஓர் ஆய்வேட்டைக் காட்டும். ஆய்வேடு இன்னொரு கட்டுரையைக் காட்டும். அதைத் திறந்தால் ‘இதேபோல் நிறுவலாம்’ என்று இருக்கும், அதுவும் கூடுதல் எடுகோளோடு. சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை நடந்து போய், நிறுவல் எழுதப்பட்டிருக்கும் பக்கத்தைக் கண்ணால் பார்த்தபின்தான் தேடல் முடிந்தது.

மேற்கோளை எழுதும்போது புத்தகத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். அறுநூறு பக்கத்தில் அவர் எங்கே தேடுவார்? தேற்ற எண், பதிப்பு இரண்டும் வேண்டும். ஆர்கைவ் கட்டுரை என்றால் எத்தனையாவது வடிவம் என்பதும் வேண்டும், ஏனென்றால் இதழில் அச்சாகும்போது எண்கள் மாறிவிடும். ஸ்டாக்ஸ் ப்ராஜெக்டில் துணைத்தேற்ற எண்ணைக் காட்டாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு எழுத்துக் குறி ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அது மாறாது. முடிந்தால் இரண்டு ரெஃபரன்ஸ் கொடுங்கள்: முதலில் செய்தவருக்கு உரிய மரியாதைக்கு ஒன்று, வாசகர் உட்கார்ந்து படிப்பதற்கு ஒன்று.

கடைசியாக, கிடைக்காவிட்டால். நிறுவல் அரைப் பக்கத்துக்குள் வரும் என்றால் இரண்டு நாளுக்கு மேல் தேடாதீர்கள், எழுதிவிடுங்கள். ‘இந்த முடிவு துறையினருக்குத் தெரிந்ததே, தகுந்த ரெஃபரன்ஸ் எங்களுக்குக் கிடைக்காததால் நிறுவலைத் தருகிறோம்’ என்று ஒரு வரி போதும். மதிப்பீட்டாளர் அதைக் குறையாக நினைக்கமாட்டார், ரெஃபரன்ஸ் தெரிந்தால் அவரே சொல்லிவிடுவார். அடுத்து அதே முடிவைத் தேடுபவருக்கு உங்கள் கட்டுரையே ரெஃபரன்ஸாகிவிடும். நிறுவல் பத்துப் பக்கம் போகும் என்றால் அது வேறு கதை: பின்னிணைப்பாக வையுங்கள், ஆனால் அதற்கு முன் குறைந்தது இரண்டு நிபுணர்களிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கட்டுரைக்கு இதைப் பொருத்தினால் இப்படி வரும். முதல் இரண்டு உண்மைகளையும் நீங்களே எழுதிவிடலாம். ஃபைனைட் பிரசென்டேஷன் என்றால் மாடுல் ஒரு மேட்ரிக்ஸின் கோகெர்னல். அதன் உறுப்புகள் எண்ணிக்கையில் முடிவுள்ளவை, எனவே எல்லாம் சேர்ந்து ஒரு கட்டத்திலிருந்து வருகின்றன. மேப்புக்கும் அதே வாதம்: ஜெனரேட்டர்கள் போய்ச்சேரும் இடங்கள் ஒரு கட்டத்தில் கிடைக்கும், ரிலேஷன்கள் அங்கே பூஜ்யமாவது இன்னும் சற்றுத் தள்ளி நடக்கும். ஆறேழு வரியில் இதை வைத்து, பக்கத்திலேயே 8-ஆம் பிரிவைக் காட்டுங்கள். மூன்றாவதை எழுத முயல வேண்டாம். 11-ஆம் பிரிவைத் திறந்து, அல்ஜிப்ராவுக்கும் மாடுலுக்கும் தனித்தனியே அங்கே என்ன எடுகோள் கேட்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் அல்ஜிப்ரா வளையத்தின் மேல் ஃபைனைட் பிரசென்டேஷன் உள்ளதா என்பதை உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. ஃபைனைட் டைப் மட்டும்தான் என்றால் அந்த ரெஃபரன்ஸ் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.